கொட்டாய் ஐந்தடி நீண்ட கதை

நாற்பது இன்னும் ஆகவில்லை, முப்பத்தெட்டுதான் என்று நாம் ஒருவருக்கொருவர் சலுகை காட்டிக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டோம். மருந்துச் சீட்டைப் படிக்கக் கையை நீட்டிப் பிடிக்கிறோம். மாடி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறோம். இந்த லட்சணத்தில் போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒருத்தி சாப்பாட்டுக் கொட்டாயின் படத்தைப் போட்டு, "இதை நடுவுல பொளந்து வச்ச புண்ணியவதி யாருடி?" என்று கேட்டிருந்தாள். ஆளுக்கொரு பதில் வந்தது. வாஸ்து என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "பெண்ணாடம் பஸ்ஸுல வருவாளே, அவ அளவத் தப்பா எழுதிட்டா, அதான்" என்று போட்டிருந்தாள்.

அதைப் படித்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். எழுத்து அவளுடையது, தப்பு என்னுடையது. இதை இத்தனை வருடமும் உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. குரூப்பில் தட்டினால் நடுவில் யாராவது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டுவிடுவீர்கள். அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன்.

நாம் ஒன்பதாவது படித்த வருடம் அது. நான் டவுன் பிள்ளை. மத்தியான மணி அடித்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அம்மா தலையைக் கலைத்து மறுபடி வாரிவிட, பவுடரோடு திரும்பி வருவேன். பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு மைதானம்தான். ஒரு பூவரச மரம், அதன் நிழலுக்கு முப்பது பேர் போட்டி. நிழல் நகர நகர டிபன் பாக்ஸோடு இவர்களும் நகர்வார்கள். மழை வந்தால் சத்துணவுக் கூடத்தின் இறவாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டி, நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் பார்த்ததில்லை, நான்தான் வீட்டில் இருப்பேனே.

அந்த வருடம் புதிதாக வந்த பெரிய டீச்சரை நினைவிருக்கிறதா? கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. சிங்கப்பூரில் இருந்த பழைய மாணவி ஒருவர் சாப்பாட்டு இடம் கட்டப் பணம் அனுப்பியதும், எல்லோரும் தகர ஷெட் என்றார்கள். பெரிய டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய தம்பி சென்னையில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தார். தம்பியின் பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி, சார்ட்டில் ஒட்டி, பிரேயர் முடிந்ததும் தூக்கிக் காட்டினார்.

"ஷெட்டு போட யாருக்கும் தெரியும். உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாருங்க. பாத்துட்டு நம்ம மண்டபத்த நீங்களே வரைஞ்சி குடுங்க."

அந்தப் பெயர்கள் எதுவும் நம் வாயில் நுழையவில்லை. நாமே பெயர் வைத்துக்கொண்டோம். கேரளத்தில் குடியேறி, செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு காற்று நுழைகிற சுவர் கட்டிய வெள்ளைக்காரர் நமக்கு 'ஓட்டைச் செவுத்துத் தாத்தா'. உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஒட்டி வளைந்து வளைந்து போகிற பெஞ்சு செய்த ஸ்பெயின் நாட்டுக்காரர் 'உடைசல் ஐயா'. வீட்டுக்கு நடுவில் கூரையில்லாமல் விட்டு, மழையை உள்ளேயே வரவழைத்த இலங்கைக்காரர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்து மட்டும் நாம் சிரித்தோம். மழைக்கு ஒதுங்கத்தானே வீடு, இவர் என்ன இப்படி என்று.

இரண்டிரண்டு பேராக வரையச் சொன்னார்கள். எனக்கு ஜோடியாகப் பெண்ணாடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள் அமைந்தாள். அவளுடைய அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வகுப்பில் சார்ட் எழுத வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போடுகிற 'ழ'வுக்கு வாலில் ஒரு சுழி உண்டு, அதைப் பார்த்துப் பாதி வகுப்பு காப்பியடித்தது.

நான் முதலில் வரைந்தது முழுக்க உடைசல் ஐயா. எங்கே பார்த்தாலும் சில்லு, எங்கே பார்த்தாலும் பளபளப்பு. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உனக்கென்னாடி, வூட்டுக்குப் போயி ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து துன்னுட்டு வர. மழ எந்தப் பக்கமா அடிக்குதுன்னு தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐப்பசி மழை கிழக்கிலிருந்து சாய்ந்து வரும், அதனால் சாரலை மறித்துக் காற்றை மட்டும் விடுகிற ஓட்டைச் சுவர் கிழக்கே வேண்டும் என்றாள். சுவருக்குச் செங்கல் வேண்டாம், எங்கள் அப்பா வேலை செய்கிற பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற, தேறாத இன்சுலேட்டர்களை அடுக்கலாம் என்றேன் நான். கரண்ட் கம்பத்தில் இருக்குமே, நடுவில் ஓட்டையோடு வெள்ளையாக, அதுதான். நம் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கீறல் விழுந்த பீங்கானுக்குப் பஞ்சமே வந்ததில்லை. அவள் முதல் தடவையாக என்னை மதித்துப் பார்த்தாள்.

அளவு எடுத்த விதம்தான் வேடிக்கை. பஸ் பிள்ளைகள் அத்தனை பேரையும் மைதானத்தில் எதிரும் புதிருமாகச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, முன்னால் டிபன் பாக்ஸையும் வைக்கச் சொல்லி, சுற்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். குண்டுப் பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைத்து ஏமாற்றப் பார்த்தவர்களைக் கண்டுபிடித்து நடுவுக்கு இழுத்தாள். நீளம் நாற்பது அடி வந்தது. அகலம் பதினாறு. உயரம் எட்டு போதும் என்று முடிவு செய்தோம். எங்கள் படத்தைத்தான் பெரிய டீச்சர் தேர்ந்தெடுத்தார். "சுத்தமா அளவு போட்டு ஒரு தாளு, அதோட ஒரு பொம்ம மாடல், ரெண்டும் வேணும்" என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மாடல் என் பொறுப்பு. அப்பா இருக்க எனக்கென்ன கவலை. அவர் கம்பெனியில் அச்சு செய்பவர். எந்தப் பொம்மை வந்தாலும் முதல் உருவத்தைச் செய்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் வெள்ளை மாவு படிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நோட்டுத் தாளைக் கொடுத்து, மண்ணில் செய்து சூளையில் வைத்துச் சுட்டுத் தரச் சொன்னேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாற்பதை அடித்து நாற்பத்தைந்து என்று எழுதினார். பதினாறை அடித்துப் பதினெட்டு. எட்டை அடித்து ஒன்பது. கீழே, அடிக்கு அரை அங்குலம் என்று குறித்துக்கொண்டார்.

பீங்கான் ஊரில் பிறந்தவளுக்கு இது புரிந்திருக்க வேண்டும். ஈர மண் காய்ந்து, வெந்து வெளியே வரும்போது சுருங்கிப் போகும். நாலு அங்குலப் பொம்மை வேண்டுமென்றால் அச்சை நாலரை அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். எட்டுக்கு ஒன்று கூட்டிக்கொள்வது அப்பாவுக்கு மூச்சு விடுவது மாதிரி. அவர் கூட்டியது சூளைக்குப் போகிற மண் மாடலுக்காக. நான் நினைத்ததோ, அப்பா நம் அளவில் தப்புக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார் என்று. கேட்கக்கூட இல்லை. பெருமை காதை அடைத்திருந்தது.

மறுநாள் பள்ளியில் அப்பா அடித்து எழுதிய நோட்டுத் தாளைப் பார்த்து நான் அளவுகளைச் சொல்லச் சொல்ல அவள் நல்ல தாளில் எழுதினாள். நாற்பத்தைந்து என்றதும் பேனாவை நிறுத்தினாள்.

"நாப்பதுன்னுதானே அளந்தோம்?"

"எங்கப்பா பாத்துட்டாரு. நீ எழுது."

"பதினெட்டா? பதினாறுடி."

"எங்கப்பாவுக்குத் தெரியாதா? எழுதுடி சும்மா."

எழுதினாள்.

பத்து நாளில் மாடல் வந்தது. வெள்ளை வெளேரென்று, பத்துத் தூணோடு, ஓரத்தில் மட்டும் லேசாக நெளிந்து, சூளை வாசனை போகாமல். சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, சரியாக நாற்பதுக்குப் பதினாறு என்ற கணக்கில் வந்திருந்தது. பெரிய டீச்சர் அதைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். பின்னால் அவர் மாற்றலாகிப் போனபோது அதுவும் போனது, இன்று எங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

பொங்கல் கழிந்து வேலை ஆரம்பித்தது. மேஸ்திரி அளவுத் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூண்களை எழுப்பினார். குறுக்கே நின்று கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டங்களான ட்ரஸ்ஸுகளுக்கோ, பெரிய டீச்சர் மாடலைத் தானே ஸ்கேல் வைத்து அளந்து வெல்டிங் கடையில் சொல்லிவிட்டார். தாளும் மாடலும் ஒன்றுதானே என்று இருவரும் நம்பினார்கள். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ட்ரஸ் வந்து இறங்கியது. முதல் ட்ரஸ்ஸைத் தூக்கி ஒரு பக்கத் தூணில் வைத்தார்கள். மறுமுனை எதிர்த் தூணுக்கு எட்டவில்லை.

"ரெண்டடி பத்தலீங்க டீச்சர்" என்றார் மேஸ்திரி. "தாளுல பதினெட்டுன்னு இருக்குது. நான் தாளப் பாத்துதான் தூணு போட்டேன்."

"மாடல்ல பதினாறுதானே வருது? நானே அளந்தேனே!"

மேஸ்திரி தாளைப் பிரித்துக் காட்டினார். அந்த எழுத்து யாருடையது என்று பெரிய டீச்சர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அந்த எழுத்தைத் தெரியும். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.

"நான்தான் டீச்சர் எழுதுனேன்" என்றாள் அவள்.

"தூங்கிக்கிட்டே எழுதுனியா? விடியக்காலம் எழுந்து பஸ்ஸு புடிச்சி வந்தா இப்படித்தான். பஸ்ஸு புள்ளைங்களுக்குக் கவனமே கெடையாது. நாளைக்கி உங்கப்பாவக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் கிளாசுக்கு வராத."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும், நான் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. தலைமேல் தூக்கி வைத்திருந்த பேர் கீழே விழுந்து உடைவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதுதான் மீதி.

அதன்பிறகு அவள் வரவில்லை. சனிக்கிழமை வகுப்பு இருந்தது, வரவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை அவள் இடம் காலி. அதே ஊரிலிருந்து வருகிற ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்து விசாரித்தேன். "அந்தக்கா இனிமே வராது. அவங்கப்பா நிறுத்திட்டாரு" என்றது. சொல்லிவிட்டு அது பாட்டுக்கு ஐஸ் வண்டியைப் பார்த்து ஓடிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா குழாயடியில் முகம் கழுவும்போது சொன்னேன். அவர் அடித்து எழுதிய நோட்டுத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு முதலில் சிரித்தார்.

"ஏ பாப்பா, இது மாடலுக்குப் போட்ட அளவும்மா. சிமெண்ட்டுத் தூணு சுருங்குமா?"

மிச்சத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நாளான்னைக்கி ஞாயித்துக்கெழம. போயிட்டு வரலாம்."

"நீங்களே சொல்லிடுங்கப்பா."

"நான் பக்கத்துல நிக்கிறேன். நீதான் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்தில் இறங்கினோம். கரும்புப் பருவம். ஆலைக்குப் போகிற வழி நெடுக, ஒன்றன்பின் ஒன்றாகக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நின்றன. காற்றில் வெல்லப்பாகு வாசனை. டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு டிராக்டராக விசாரித்துக்கொண்டு போனோம். அவளே முதலில் கண்ணில் பட்டாள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து, தூக்குவாளியோடு நின்றிருந்தாள். பாவாடை சட்டையில் ஒரே வாரத்தில் பெரிய மனுஷியாகிவிட்ட மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா கீழே இறங்கி, எங்கப்பாவுக்கு உட்காரச் சாக்கு போட்டார்.

"டீச்சரு கூப்புட்டாங்கன்னு சொல்லிச்சுங்க. ஒவ்வொரு லோடுக்கும் மூணு நாளு வரிசையில கெடக்கறேன், வுட்டுட்டு எப்படி வர்றது? பெரியவளயும் ஒம்போதோடதான் நிறுத்துனேன். எழுதத் தெரியல, திட்டு வாங்கிக்கினு எதுக்குப் போவணும்? போதும்னுட்டேன்."

எங்கப்பா என்னைப் பார்த்தார்.

"அவ தப்பா எழுதலீங்க. நான் சொன்னதத்தான் எழுதுனா. நாப்பதுதானேன்னு கேட்டா, பதினாறுதானேன்னும் கேட்டா. நான்தான் கேக்காம எழுதச் சொன்னேன். டீச்சர் திட்டும்போது பக்கத்துலதான் நின்னேன். நான் சொல்லல."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"இத ஏன் நீ சொல்லல?"

அவள் தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"அந்த டீச்சருகிட்டயும் இதே மாதிரி சொல்லுவியாம்மா?"

"சொல்லுவேங்க."

"இவகூட நானும் போறேன் அண்ணே" என்றார் எங்கப்பா. "அளவு என் கையிலேருந்து போனதுதான்."

முன்னால் நின்ற டிராக்டர் நகர்ந்தது. அவர் தாவி ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சத்தத்துக்கு மேல் கத்தினார். "நாளைக்கிக் காலைல பஸ்ஸு ஏத்தி வுடுறேன்!"

என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல சேதி கேட்டுவிட்டேன். அந்த டீசல் புகைக்குள் கேட்டதற்கு ஈடாக ஒன்றையும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை பெரிய டீச்சரிடம் சொன்னேன். அப்பா கதவோரமாகக் கைகட்டி நின்றார். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "சரி, போனது போகட்டும். ரெண்டு பேரும் கிளாசுக்குப் போங்க" என்றார். அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். இந்த வயதில் யோசித்தால் மனம் ஆறவில்லை. திட்டியது மைதானத்தில், மன்னித்தது அறைக்குள். பிரேயரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குரூப்பில் அந்தப் பதில் வந்திருக்காது. அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் மைதானம் இருந்தது, நானும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மேஸ்திரி ஒரு வரிசைத் தூண்களை இடித்துவிட்டு உள்ளே தள்ளிப் போட ஆயத்தமாக நின்றார். சம்மட்டியே எடுத்துவிட்டார். அவள் நேராகப் போய், "அண்ணே, இடிக்காதீங்க" என்றாள். எல்லோரும் திரும்பினோம்.

"ட்ரஸ்ஸ நடுவுல வெட்டிட்டு, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி வையிங்க. நடுவுல ரெண்டடி தொறந்தே கெடக்கட்டும். கீழ ஒரு வாய்க்கா வுட்டா தட்டு கழுவிக்கலாம். இப்ப பைப்படியில வரிசையில நின்னே சாப்பாட்டு பெல்லுல பாதி போயிடுது."

சார்ட்டில் நாம் பார்த்துச் சிரித்த இலங்கைக்காரரை அவள் மட்டும் சிரிக்காமல் பார்த்திருக்கிறாள். மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்தார். மேலே அண்ணாந்து பார்த்து, விரலால் காற்றில் கோடு போட்டு, "மேல குறுக்க ஒரு பைப்பு வச்சி இழுத்துக் கட்டிட்டா நிக்கும் டீச்சர்" என்றார். பெரிய டீச்சர் தலையாட்டினார். நீளத்தில் மிஞ்சிய ஐந்தடிக்குக் கூரை போடவில்லை. அங்கே உடைசல் ஐயாவின் பெஞ்சு வந்தது. எங்கப்பாவும் கம்பெனி ஆட்கள் நாலு பேரும் ஒரு ஞாயிறு வந்து, கீறல் விழுந்த கப்பையும் மூக்குடைந்த பொம்மைகளையும் சில்லாக்கி ஒட்டினார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை இன்னும் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அவள் என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள், நோட்டு கேட்டால் கொடுத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. நானும் கெஞ்சிப் பார்க்கவில்லை, கேட்க முகம் இல்லை. அம்மாவிடம் சொல்லி மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் கட்டித் தரச் சொன்னேன். கொட்டாயில் அவளுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டேன். நடுவில் வாய்க்கால் ஓடியது. முழுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கோடை மழை கொட்டியது. ஐப்பசி மழைக்காகக் கட்டிய சுவர் கிழக்கே சும்மா நிற்க, சாரல் மேற்கிலிருந்து என் முதுகில் அடித்தது. நான் டப்பாவை மடியில் மூடி வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"இந்தாண்ட வாடி, நனையற" என்றாள்.

வாய்க்காலைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஒன்றரை மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கி டீச்சருகிட்ட ஏன்டி சொல்லல? நான் சொல்லித்தான் எழுதுனன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சொன்னா நீ ஒங்கப்பா குடுத்த அளவுன்னு சொல்லுவ. அவரு பேரு கெட்டுடும்ல. அந்தத் தாளுல அடிச்சி எழுதியிருந்தத நான் பாத்தேன். தப்பு அவரோடதுன்னு நெனச்சேன். பாவம், நமக்காக ஞாயித்துக்கெழம ஒக்காந்து செஞ்ச மனுசன்."

படிப்பே போனாலும் பரவாயில்லை என்று பதினாலு வயதில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நின்றது, என் அப்பாவின் பேருக்காக. நானோ என் பேருக்காக நின்றேன். டப்பா என் மடியில் மூடியபடியே இருந்தது. அவள் என் டப்பாவின் மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"துன்னுடி. பெல்லு அடிக்கப் போவுது."